சக்கரத்தை எண்ணிய கணக்குப் புலி

உங்கள் பத்து விரல் நுனிகளையும் வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். சில விரல்களில் கோடுகள் வட்டமாகச் சுழன்றிருக்கும். நம் பாட்டிமார் அதைச் சக்கரம் என்பார்கள். எங்கள் பாவூர்சத்திரத்தில், யாருக்கு எத்தனை சக்கரம் என்று எண்ணி விளையாடாத பிள்ளைகள் குறைவு. அந்தச் சக்கரத்தை வைத்தே போலீசாருக்குப் பெரிய உதவி செய்தார் ஒருவர். அவர் பெயர் காஜி அசீசுல் ஹக்.

1872ஆம் ஆண்டில், இப்போது வங்கதேசத்தில் உள்ள குல்னா மாவட்டத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். 12 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி, கல்கத்தா வந்து சேர்ந்தார். அங்கே ஒரு குடும்பத்தார் அவரது அறிவைக் கண்டு வியந்து, படிக்க வைத்தார்கள். பிரசிடென்சி கல்லூரியில் கணக்குப் புலியாக விளங்கினார்.

அப்போது வங்காளப் போலீசின் தலைவராக இருந்தவர் எட்வர்டு ஹென்றி. கணக்கில் சிறந்த ஒரு மாணவர் தேவை என்று கல்லூரியில் கேட்டார். 1892இல் ஹக் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார்.

அந்நாளில் பிடிபட்டவரின் தலை, கை, கால்களை அளந்து குறித்து வைப்பார்கள். அளப்பவர் சற்றுத் தவறினாலும் ஆள் மாறிவிடும். ஒரு பாவமும் அறியாதவர் மாட்டிக்கொள்ளக் கூடும். கைரேகையோ ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆயுள் முழுவதும் மாறாது. ஆனால், குவிந்து கிடக்கும் ஆயிரக்கணக்கான கைரேகைத் தாள்களில் ஒன்றைத் தேடி எடுப்பது எப்படி?

ஹக் கணக்குப் போட்டார். ஒரு விரலில் சக்கரம் இருக்கும், அல்லது இருக்காது. ஆக, ஒரு விரலுக்கு 2 வழி. இரண்டு விரலுக்கு 4, மூன்று விரலுக்கு 8. இப்படியே பெருக்கினால் பத்து விரலுக்கு 1,024 வழி! 32 வரிசை, வரிசைக்கு 32 அறை என அலமாரி அமைத்தால் 1,024 அறைகள். ஒருவரின் ரேகைக்கு உரிய அறையில் மட்டும் தேடினால் போதும். உடன் பணியாற்றிய ஹேம் சந்திர போஸ், கைரேகை விவரத்தைத் தந்தியில் அனுப்பக் குறியீடுகள் வகுத்தார்.

1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கியது. 1901இல் லண்டன் ஸ்காட்லாந்து யார்டும் இம்முறையை ஏற்றது. ஆனால் உலகம் அதற்கு வைத்த பெயர் 'ஹென்றி முறை'. ஹக்கின் பெயர் வெளியே தெரியவில்லை. பின்னாளில் கான் பகதூர் பட்டமும் 5,000 ரூபாயும் கிடைத்தன. தம் அலுவலர்களில் மிகுதியாகப் பங்களித்தவர் ஹக் என்று 1926இல் ஹென்றியே எழுதிக் கொடுத்தார். 1935இல், பீகாரில் உள்ள மோதிஹாரியில் ஹக் காலமானார்.

இன்று அலமாரியின் வேலையைக் கணினி செய்கிறது. கோடு எங்கே முடிகிறது, எங்கே கிளை பிரிகிறது என்று அது ஒப்பிட்டுப் பார்க்கிறது. நாடு முழுவதற்குமான தானியங்கிக் கைரேகை அமைப்பு 2022இல் நம் நாட்டில் வந்தது. இன்னொரு வியப்பு: கணினியும் 'உண்டு, இல்லை' என்ற இரண்டே வழிக் கணக்கில்தான் இயங்குகிறது!

குழந்தைகளே, பள்ளியில் நாலு பேர் சேர்ந்து ஒரு மாதிரி செய்கிறீர்கள். பரிசு வாங்க ஒருவர் மேடை ஏறுகிறார். அப்போது மற்ற மூவர் பெயரையும் மறக்காமல் சொல்லுங்கள். ஹக் பல ஆண்டுகள் காத்திருந்தது அந்த ஒரு சொல்லுக்காகத்தானே!

- ஓய்வு பெற்ற ஆசிரியர், பாவூர்சத்திரம்