கோழிகள் காட்டிய வழி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரிபெரி என்னும் கொடிய நோய் ஆசிய நாடுகள் பலவற்றில் பரவியிருந்தது. நோயுற்றோரின் கால்கள் மரத்துப்போகும், நடை தளரும், இறுதியில் இதயம் செயலிழந்து உயிரும் பிரியும். படைவீரர்களும் சிறைக்கைதிகளும் பெரும் எண்ணிக்கையில் மாண்டனர். இந்நோயின் காரணத்தை அறிய வழிகாட்டியவர் டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான் ஆவார்.

எய்க்மான் 1858ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் நெதர்லாந்தில் பிறந்தார். அவருடைய தந்தையார் பள்ளித் தலைமையாசிரியர். ஆம்ஸ்டர்டாமில் மருத்துவம் பயின்ற எய்க்மான், 1883இல் இராணுவ மருத்துவராக இன்றைய இந்தோனேசியாவுக்குச் சென்றார். அங்கு மலேரியாக் காய்ச்சலால் பாதிக்கப்பட்டு, ஈராண்டுகளில் தாயகம் திரும்பினார். உடல் தேறியதும் ஜெர்மனியில் இராபர்ட் கோக் என்னும் புகழ்பெற்ற அறிஞரிடம் கிருமிகளைப் பற்றிக் கற்றார். நோய்களுக்கெல்லாம் கிருமிகளே காரணம் எனப் பலரும் நம்பிய காலம் அது.

பெரிபெரியை ஆராயச் சென்ற குழுவுடன் 1886இல் எய்க்மான் மீண்டும் புறப்பட்டார். இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவில் ஆய்வுக்கூடம் ஒன்று அமைந்தது. 1888இல் அதன் இயக்குநரான எய்க்மான், நோய்க்கிருமியைத் தேடிக் கோழிகளைக் கொண்டு சோதனைகள் செய்தார். 1889இல் அக்கோழிகள் கால் தளர்ந்து விழத் தொடங்கின. கிருமி அகப்பட்டுவிட்டது என்று எண்ணுவதற்கு இடமில்லை. ஏனெனில், ஊசி போடப்படாத கோழிகளும் அவ்வாறே நோயுற்றன. சில மாதங்களுக்குப் பின் நோயும் திடீரென மறைந்தது.

இந்தப் புதிரை எய்க்மான் அலட்சியப்படுத்தவில்லை. கோழிகளின் தீவனத்தைப் பற்றி விசாரித்தார். பணியாளர் இராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டு வந்தார். புதிதாக வந்த சமையற்காரர் அச்சோற்றைத் தர மறுத்ததால், கோழிகள் மீண்டும் தீட்டாத அரிசியைத் தின்றன. நோயும் நீங்கியது! எய்க்மான் இதைப் பலமுறை சோதித்தார். தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகள் நோயுற்றன. தவிட்டைச் சேர்த்துக் கொடுத்ததும் குணமடைந்தன.

கோழிக்குப் பொருந்துவது மனிதருக்கும் பொருந்துமா? அவருடைய நண்பர் வோர்டர்மான் ஜாவாவில் 101 சிறைச்சாலைகளை ஆராய்ந்தார். தீட்டாத அரிசி வழங்கப்பட்ட சிறைகளில் பெரிபெரி மிக அரிதாகவே காணப்பட்டது.

தீட்டிய அரிசியில் ஏதோ நச்சுத்தன்மை உள்ளது என்றே எய்க்மான் முதலில் கருதினார். உடல்நலக் குறைவால் 1896இல் அவர் தாயகம் திரும்பினார். அவருடைய பணியைத் தொடர்ந்த கிரைன்ஸ், உடலுக்குத் தேவையான சத்து ஒன்று தவிட்டுடன் நீங்கிவிடுவதே நோய்க்குக் காரணம் என 1901இல் விளக்கினார். அச்சத்தே இன்று வைட்டமின் பி1 எனப்படுகிறது.

1929இல் எய்க்மானுக்கும் ஆங்கிலேய அறிஞர் ஹாப்கின்சுக்கும் நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. நோயுற்றிருந்த எய்க்மானால் விழாவுக்குச் செல்ல இயலவில்லை. 1930ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

இன்று பண்ணைகளில் வளரும் கோழிக்குஞ்சுகளின் தீவனத்தில் உயிர்ச்சத்துகள் சேர்க்கப்படுகின்றன. நோய் கிருமியால் மட்டுமன்றிச் சத்துக் குறைவாலும் வரும் என்பதை உலகம் உணர எய்க்மானின் கோழிகள் உதவின. தாம் தேடியது கிடைக்காதபோதும், கண்முன் நிகழ்ந்ததை உற்றுநோக்கியதே அவருடைய வெற்றிக்கு அடிப்படையாகும்.