பறக்கும் ஊர்தி

சாலை விபத்தைக் கண்டு 108 அல்லது 112 என்னும் எண்ணை அழைத்தால், மறுமுனையில் இருப்பவர், எத்தனை பேர் காயமுற்றனர், அவர்கள் நினைவோடு இருக்கின்றனரா, மூச்சு விடுகின்றனரா என வினவுவார். எவருக்கு உதவி மிக விரைவாகத் தேவை எனத் தெளிவதற்கே அவ்வினாக்கள். இம்முறைக்கு வித்திட்டவர்களுள் ஒருவர், பிரெஞ்சு அறுவை மருத்துவர் தொமினிக் லாரே.

லாரே 1766ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் பிரனீசு மலைப்பகுதியில் ஒரு சிற்றூரில் பிறந்தார். துலூசு நகரில் அறுவை மருத்துவராய் விளங்கிய தந்தையின் உடன்பிறந்தாரிடம் மருத்துவம் பயின்றார். 1792இல் படையில் மருத்துவரானார்.

அக்காலத்தில் மருத்துவ வண்டிகள் போர்க்களத்திற்கு வெகு தொலைவில் நிற்க வேண்டும் என்பது விதி. போர் ஓய்ந்த பின்னரே அவை களத்திற்குச் செல்லும். அதற்குள் குருதி இழந்து மாண்டோர் பலர். இக்கொடுமை லாரேயின் நெஞ்சை வருத்தியது. பீரங்கிகளைக் குதிரைகள் விரைந்து இழுத்துச் செல்வதை அவர் கண்டார். அழிக்கும் கருவிக்கு உள்ள விரைவு, காக்கும் வண்டிக்கும் வேண்டும் என எண்ணினார். குதிரை பூட்டிய, எடை குறைந்த வண்டிகளை அமைத்தார். போர் நடக்கும்போதே களத்துள் புகுந்த அவை, பறக்கும் ஊர்திகள் எனப் பெயர் பெற்றன.

வண்டிகள் விரைந்தன, ஆயினும் மருத்துவர் சிலர், காயமுற்றோர் பலர். எவரை முதலில் காப்பது? லாரே பதவியையும் நாட்டையும் பார்க்கவில்லை. காயத்தின் கடுமையையே அளவுகோலாகக் கொண்டார். சிறு காயமுற்ற அதிகாரி காத்திருக்க, உயிருக்குப் போராடும் எளிய வீரன் முதலில் மருத்துவம் பெற்றான். பகைவர்க்கும் அதே முறைதான்.

நெப்போலியனின் படைகளோடு அவர் எகிப்து, உருசியா எனப் பல நாடுகளுக்குச் சென்றார். 1815இல் வாட்டர்லூ போரில் பிரஷியப் படையிடம் சிறைப்பட்டார். அவரைச் சுட்டுக் கொல்ல ஆணை பிறந்தது. அவரை அறிந்த மருத்துவர் ஒருவர் அடையாளம் கண்டதால் உயிர் தப்பினார். பிரஷியத் தளபதி புளூக்கரின் மகனை அவர் முன்பே காப்பாற்றியிருந்தார் என்பர். 1842இல் லாரே மறைந்தார்.

மாணவர்களே! விபத்து நடந்த இடத்தில் உரக்க அலறுபவரைவிட, ஓசையின்றிக் கிடப்பவர்க்கே உதவி உடனே தேவைப்படலாம். எனவே கண்டதைப் பதறாமல், தெளிவாகக் கூறுங்கள். உங்கள் விடையைக் கொண்டே ஊர்தியின் விரைவு முடிவாகிறது.

சொற்பொருள்
குருதி – இரத்தம். வினவுதல் – கேட்டல். மாண்டோர் – இறந்தோர்

பயிற்சி
1. லாரே புதிய வண்டிகளை அமைக்கக் காரணம் யாது?
2. அவர் எதனை அளவுகோலாகக் கொண்டார்?
3. விபத்தைக் கண்டால் நீங்கள் கூற வேண்டிய செய்திகளை மூன்று தொடர்களில் எழுதுக.