இரண்டு முறை முறிந்த கை

அமெரிக்காவில் மக்கள் விரும்பிப் பார்க்கும் ஆட்டம் பேஸ்பால். மைதானத்தில் நான்கு மூலைகள் உண்டு. பந்தை அடித்தவர் ஓடிப்போய் முதல் மூலையை மிதிக்க வேண்டும். அங்கே எதிர் அணிக்காரர் ஒருவர் காலை ஊன்றி நிற்பார். ஓடுகிறவர் வருவதற்குள் பந்து அவர் கைக்கு வந்துவிட்டால், ஓடியவர் அவுட்!

மூலையில் இருப்பது சிறு மெத்தை போன்ற ஒரு சதுரம். இரண்டு பேருடைய கால்களும் அதைத்தான் தேடும். மோதல் வராமல் இருக்குமா?

அந்த ஆபத்தான இடத்தில் நின்று பெரும்புகழ் பெற்றவர், ஹாங்க் கிரீன்பர்க்.

யூதர் வீட்டுப் பிள்ளை

1911 ஜனவரி 1-ந் தேதி நியூயார்க்கில் பிறந்தார். பெற்றோர் ருமேனியாவில் இருந்து குடியேறிய யூதர்கள். ஆறு அடிக்கு மேல் உயரம். இடைவிடாத பயிற்சியால் டெட்ராய்ட் அணியில் இடம் பிடித்தார்.

யூதர் என்பதற்காக எதிர் அணியினர் அவரை ஏசினார்கள். அவர் தளரவில்லை. 1934-ம் ஆண்டு, போட்டி சூடு பிடித்திருந்த நேரத்தில், யூதர்களின் நோன்பு நாள் வந்தது. அன்று ஆட்டத்தை விட்டுவிட்டு ஆலயத்துக்குப் போனார்.

கை முறிந்தது

1935-ம் ஆண்டு இறுதிப் போட்டித் தொடரில் கடைசி மூலைக்கு ஓடியபோது, பந்து பிடிப்பவருடன் மோதினார். மணிக்கட்டு முறிந்தது.

கை குணமாகி, 1936-ல் மீண்டும் ஆட வந்தார். 12-வது ஆட்டம். முதல் மூலையில் நின்று பந்தைப் பிடிக்கக் கையை நீட்டினார். ஓடிவந்தவர் மோதினார். அதே மணிக்கட்டு மறுபடியும் முறிந்தது! அந்த ஆண்டு முழுவதும் வீணாயிற்று.

ஆனாலும் அவர் எழுந்தார். 1938-ல் பந்தை எல்லைக்கு வெளியே 58 முறை அடித்து, நாட்டையே வியக்க வைத்தார். போர் வந்ததும் ராணுவத்தில் சேர்ந்தார். 1945-ல் திரும்பி வந்து, தம் அணி வெற்றி பெற உதவினார்.

எதிரியின் நலம் விசாரித்தார்

1947-ம் ஆண்டு ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரர் பெரிய ஆட்டங்களில் நுழைந்தார். அவருக்கும் ஏச்சு விழுந்தது. அப்போது கிரீன்பர்க் பிட்ஸ்பர்க் அணியில் இருந்தார். பந்து விலகி வந்ததால், அதைப் பிடிக்க நகர்ந்தார். ஓடிவந்த ராபின்சனுடன் மோதினார்.

சண்டை வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அடிபட்டதா என்று ராபின்சனைக் கிரீன்பர்க் விசாரித்தார். மனம் தளராமல் ஆடும்படி தைரியம் சொன்னார். ஏச்சின் வலி தெரிந்தவர் அல்லவா!

சட்டம் மாறியது

அந்த மோதலில் யார் மீதும் குற்றம் இல்லை. பந்து விலகியது, பாதை குறுகியது, அவ்வளவுதான். நல்ல மனம் இருந்தால் சண்டை வராது. ஆனால் எலும்பைக் காக்க அது போதாது. அதற்கு இடம் வேண்டும்.

1986-ல் கிரீன்பர்க் மறைந்தார். 2014-ல் கடைசி மூலை மோதலைத் தடுக்க விதி வந்தது. 2023-ல் மூலைச் சதுரம் 15 அங்குலத்தில் இருந்து 18 அங்குலம் ஆயிற்று. 2024-ல் முதல் மூலைக்கு ஓடும் பாதை அகலமாயிற்று. சாப்ட்பால் என்ற ஆட்டத்தில், முதல் மூலையில் இரட்டைச் சதுரமே வைக்கிறார்கள். நிற்பவருக்கு ஒன்று, ஓடுபவருக்கு ஒன்று.

இதனால் ஆட்டத்தின் வீரம் குறையுமா? குறையாது. பந்தை அடிப்பதும் வேகமாக ஓடுவதும்தான் வீரம். கை முறிவது வீரம் அல்ல.