சிறையிலிருந்து திரும்பிய சிரிப்பு

வீட்டுக் கூடத்தில் குடும்பமே கூடி இருக்கிறது. டெலிவிஷனில் பழைய கறுப்பு-வெள்ளைப் படம் ஓடுகிறது.

ஒரு மனிதர் வந்து நிற்கிறார். இன்னும் வாய் திறந்து பேசவில்லை. அதற்குள் பாட்டி சிரிக்கிறார். பாட்டியைப் பார்த்துப் பேரனும் சிரிக்கிறான்.

அந்த மனிதர் இறந்து 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஆனால், அவர் மூட்டிய சிரிப்பு இன்னும் ஓயவில்லை.

யார் அவர்?

அவர்தான் நாஞ்சில் நாடு தந்த நகைச்சுவை மன்னர், கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன்!

ஒரு காலத்தில் அவரைக் காண நாடகக் கொட்டகைக்குப் போக வேண்டும். பிறகு சினிமா கொட்டகைக்குப் போக வேண்டும். 1980-ம் ஆண்டுகளில் வீடியோ கேசட்டுகள் வந்தன. அடுத்து சி.டி.யும், டி.வி.டி.யும் வந்தன. இன்று கைப்பேசியிலேயே பழைய படங்களைப் பார்க்கலாம். கொட்டகையில் இருந்த சிரிப்பு வீடு தேடி வந்துவிட்டது.

ஆனால், அந்தச் சிரிப்பின் பின்னே ஒரு கண்ணீர்க் கதையும் உண்டு.

ஏழைச் சிறுவன்

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில், 1908-ம் ஆண்டு நவம்பர் 29-ந்தேதி கிருஷ்ணன் பிறந்தார். தந்தை சுடலைமுத்துப் பிள்ளை. தாயார் இசக்கி அம்மாள். அப்போது நாகர்கோவில், திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சியில் இருந்தது.

ஏழைக் குடும்பம். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது.

சிறுவன் கிருஷ்ணன் டென்னிஸ் மைதானத்தில் பந்து பொறுக்கிப் போட்டான். மளிகைக் கடையில் பொட்டலம் மடித்தான். இரவில் நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றான்.

தட்டு கையில் இருக்கும். கண் மட்டும் மேடையில் இருக்கும்!

வில்லும் குடமும்

நாஞ்சில் நாட்டில் கோவில் கொடை என்றால் வில்லுப்பாட்டு இல்லாமல் இருக்காது. வில்லில் கட்டிய மணிகள் குலுங்கும். குடம் முழங்கும். உடுக்கை ஒலிக்கும். ஒருவர் கதை சொல்வார். பக்கத்தில் இருப்பவர் ஆமாம் போடுவார். இடையிடையே ஊர்க் கதையும் வேடிக்கையும் வரும். விடிய விடிய ஜனங்கள் எழுந்திருக்க மாட்டார்கள்.

கிருஷ்ணனும் வில்லுப்பாட்டுக் கலைஞராகத்தான் தொடங்கினார். எதிரே இருப்பது படித்தவரா, பாமரரா என்று பாராமல், எல்லோருக்கும் புரியும்படி பேச அந்த மேடைதான் அவருக்குக் கற்றுக் கொடுத்தது.

மகனின் ஆசை தந்தைக்குப் புரிந்தது. நாகர்கோவிலுக்கு வந்திருந்த டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியில் அவரைச் சேர்த்துவிட்டார்.

அங்கே கிருஷ்ணன் நடித்தார்; பாடினார்; சிரிக்க வைத்தார். 'தேசபக்தி' என்ற நாடகத்தில் காந்தி அடிகளின் கதையை வில்லுப்பாட்டாகப் பாடினார். வெள்ளைக்காரன் ஆட்சி நடந்த காலம் அது! கோவில் கொடையில் ஒலித்த வில், நாடக மேடையில் நாட்டு விடுதலைக்காக ஒலித்தது.

சினிமாவில்

1935-ல் டி.கே.எஸ். சகோதரர்களின் 'மேனகா' நாடகம் சினிமா படம் ஆயிற்று. ராஜா சாண்டோ டைரக்ட் செய்தார். மேடையில் நடித்தவர்களே படத்திலும் நடித்தார்கள். கிருஷ்ணனும் வெள்ளித் திரைக்கு வந்தார்.

அடுத்த ஆண்டு 'சதி லீலாவதி' வெளிவந்தது. எம்.ஜி.ஆரின் முதல் படமும் அதுதான்.

1936-ல் 'வசந்தசேனா' படத்தில் நடிப்பதற்காகக் கிருஷ்ணன் புனாவுக்குச் சென்றார். அந்தப் படத்தில் நடிக்கத் திருச்சியைச் சேர்ந்த டி.ஏ.மதுரமும் வந்திருந்தார். அங்கே ஏற்பட்ட பழக்கம் திருமணத்தில் முடிந்தது. அதன் பிறகு, கிருஷ்ணன்-மதுரம் ஜோடி இல்லாத படமே இல்லை என்று சொல்லும் அளவுக்குப் பல படங்களில் இருவரும் சேர்ந்து நடித்தார்கள்.

அந்த நாளில் நகைச்சுவைப் பகுதிக்குத் தனி மரியாதை இல்லை. கிருஷ்ணன் அதை மாற்றினார். தம் குழுவினரை வைத்துக்கொண்டு, நகைச்சுவைக் காட்சிகளைத் தாமே அமைத்தார். ஒத்திகை பார்த்து, படம் பிடிக்கச் செய்தார். அந்தப் பகுதி படத்தில் தனிக் கதையாக ஓடும். கதாநாயகனுக்காக வந்த கூட்டம் போல, கிருஷ்ணனுக்காகவும் கூட்டம் வந்தது.

அவருடைய நகைச்சுவையில் ஒரு நியதி இருந்தது. நொண்டியையும் குருடனையும் ஏழையையும் காட்டிச் சிரிப்பு மூட்ட மாட்டார். மூட நம்பிக்கையைக் கேலி செய்வார். போலிச் சாமியாரைக் கேலி செய்வார். குடிப் பழக்கத்தைக் கேலி செய்வார். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனவர்கள், படுக்கையில் அதையே நினைத்துப் பார்த்தார்கள்.

இடி விழுந்தது

1944-ம் ஆண்டு தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வெளிவந்தது. தியாகராஜ பாகவதர் கதாநாயகன். கிருஷ்ணனும் மதுரமும் நகைச்சுவை ஜோடி. சென்னை பிராட்வே தியேட்டரில் அந்தப் படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது!

ஆனால், படத்தில் நடித்த இருவரும் அப்போது எங்கே இருந்தார்கள்?

ஜெயிலில்!

1944 நவம்பரில், லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகை ஆசிரியர் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். சினிமாக்காரர்களைப் பற்றி அவதூறாக எழுதி வந்தவர் அவர். டிசம்பர் மாதம் பாகவதரையும் கிருஷ்ணனையும் போலீசார் கைது செய்தார்கள். 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஐகோர்ட்டில் செய்த அப்பீலும் தள்ளுபடி ஆயிற்று.

தமிழ்நாடே திகைத்தது. திரையில் கிருஷ்ணன் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். அதே நேரத்தில், சிறைக் கம்பிகளுக்குள் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

மதுரத்தின் துணிவு

மதுரம் அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. வழக்குக்குப் பணம் வேண்டும். கிருஷ்ணனை நம்பி இருந்த நடிகர்களுக்கும் சோறு வேண்டும். எஸ்.வி.சகஸ்ரநாமம் பொறுப்பு ஏற்று என்.எஸ்.கே. நாடக சபையை நடத்தினார். மதுரம் மேடை ஏறினார்.

அந்தச் சபை நடத்திய நாடகங்களில் ஒன்று 'பைத்தியக்காரன்'. கிழவர்கள் இளம் பெண்களை மணக்கும் கொடுமையைச் சாடிய கதை அது. அதையே படமாகவும் எடுத்தார்கள். கிருஷ்ணன்-பஞ்சு டைரக்ட் செய்தார்கள்.

இதற்குள் வழக்கு கடல் கடந்து, லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. அப்பீலை மறுபடியும் விசாரிக்கும்படி உத்தரவு வந்தது. 1947 ஏப்ரல் மாதம், சென்னை ஐகோர்ட்டு இருவரையும் விடுதலை செய்தது.

ஏறக்குறைய இரண்டரை ஆண்டுச் சிறைவாசம் முடிந்தது. வெளியே வந்த கிருஷ்ணனுக்காக 'பைத்தியக்காரன்' படத்தில் புதிய காட்சிகள் சேர்க்கப்பட்டன. 1947-ல் படம் வெளிவந்தது. அதில் அவர் எதைப் பற்றிப் பாடினார் தெரியுமா? ஜெயிலுக்குப் போய் வந்ததைப் பற்றி!

தம்மை அழ வைத்த சிறையையே சிரிப்பாக மாற்றிவிட்டார்.

பாகவதரின் படங்கள் அதன்பின் பழையபடி ஓடவில்லை. கிருஷ்ணனை மட்டும் மக்கள் விட்டுவிடவில்லை.

கலைவாணர் பட்டம்

அதே 1947-ம் ஆண்டில், சென்னையில் நடந்த விழாவில் 'கலைவாணர்' பட்டம் அவருக்குக் கிடைத்தது. வழங்கியவர் நாடக உலகின் தந்தை பம்மல் சம்பந்த முதலியார். மேடையில் புகழ் பெற்று, 1941-ல் படமாக வந்த 'சபாபதி' நகைச்சுவை நாடகத்தை எழுதியவர் அவர்தான்.

1949-ல் கலைவாணரின் 'நல்லதம்பி' வெளிவந்தது. கதை, வசனம் அண்ணா. அதில் வரும் 'கிந்தனார்' காலட்சேபம் மிகவும் புகழ் பெற்றது. நந்தனார் சிதம்பரம் போக ஏங்கினார். கிந்தன் பள்ளிக்கூடம் போக ஏங்குகிறான். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த அந்தப் பையன் படித்து முன்னேறும் கதையைக் கலைவாணர் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார்.

அவர் நாலாம் வகுப்போடு நின்றவர். படிப்பின் அருமை அவருக்குத் தெரியாதா?

1951-ல் 'மணமகள்', 1952-ல் 'பணம்' ஆகிய படங்களை டைரக்ட் செய்தார். 'பணம்' படத்தில் சிவாஜி கணேசனும் பத்மினியும் நடித்தார்கள்.

கொடுத்துக் கொடுத்து...

கையில் பணம் வந்தது. ஆனால், தங்கவில்லை. கேட்டவருக்கு இல்லை என்று சொல்ல அவருக்குத் தெரியாது. நாகர்கோவில் நகராட்சிப் பூங்காவில், காந்தி அடிகளுக்குத் தமது சொந்தச் செலவில் நினைவுத் தூண் எழுப்பினார். கடைசி நாட்களில் பணக் கஷ்டமும் நோயும் சேர்ந்து வந்தன.

1957-ம் ஆண்டு பொதுத்தேர்தல். காஞ்சீபுரத்தில் அண்ணா போட்டியிட்டார். எதிர்த்து நின்றவர் ஒரு டாக்டர். கலைவாணர் பிரசாரத்துக்குச் சென்றார். மேடையில் அண்ணாவைப் பற்றிப் பேசாமல், டாக்டரையே புகழ்ந்தார். கைராசிக்காரர், நல்லவர் என்றார். கூட்டம் விழித்தது. இவ்வளவு நல்ல டாக்டரை சட்டசபைக்கு அனுப்பிவிட்டால் ஊரில் யார் வைத்தியம் பார்ப்பது, அவர் இங்கேயே இருக்கட்டும், அண்ணாவை அனுப்புங்கள் என்று முடித்தார். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. எதிரியின் மனம்கூட நோகவில்லை!

அதற்கு முந்திய ஆண்டு, 1956 நவம்பர் 1-ந்தேதி, அவர் பிறந்த நாஞ்சில் நாடு தமிழகத்தோடு சேர்ந்தது. அந்த நாளையும் அவர் கண்ணாரக் கண்டார்.

1957 ஆகஸ்டு 30-ந்தேதி கலைவாணர் காலமானார். 49 வயதுகூட நிறையவில்லை.

சென்னை தியாகராயநகரில் அவருக்குச் சிலை வைத்தார்கள். 1969 ஜனவரியில் அதைத் திறந்து வைத்தவர், அப்போது முதல்-அமைச்சராக இருந்த அண்ணா. நோயோடு வந்து திறந்து வைத்த அண்ணா, சில நாட்களில் மறைந்தார். நாகர்கோவில் மணிமேடையிலும் கலைவாணருக்குச் சிலை உண்டு.

ஆனால், அவரைக் காணச் சிலை வரைக்கும் போக வேண்டியது இல்லை.

அன்று அவர் சிறையில் இருந்தபோது, திரையில் சிரிக்க வைத்தார். இன்று அவர் இல்லாதபோது, வீட்டுக்கு வீடு வந்து சிரிக்க வைக்கிறார். மேடையில் அவர் நடித்தது காற்றோடு போய்விட்டது. அந்தக் காலப் படங்களிலும் பல, பிரதி இல்லாமலே அழிந்துவிட்டன. மிஞ்சிய படங்கள்தான் அவர் விட்டுச்சென்ற சொத்து.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழந்தைகளையும் கூட உட்கார வைத்து, அவற்றில் ஒன்றைப் பாருங்கள். குழந்தைகள் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் ஒரு கேள்வி கேட்பார்கள்.

அந்தக் கேள்விக்காகத்தான் கலைவாணர் சிரிக்க வைத்தார்!