சிசில் ஹீலி: எளிதில் வந்த வெற்றியை ஏற்காத வீரர்

நீச்சற் போட்டிகளுள் அஞ்சல் நீச்சலுக்குத் தனிச் சிறப்பொன்று உண்டு. ஏனைய போட்டிகளில் ஒருவன் தன் பொருட்டே நீந்துகின்றான். இதிலோ நால்வர் ஒருவர்பின் ஒருவராக நீந்தி ஒரே வெற்றிக்கு உரியராகின்றனர். நால்வகை நீச்சலும் கலந்த அஞ்சற் போட்டி ஒலிம்பிக் விழாவில் முதன்முதல் இடம்பெற்றது 1960ஆம் ஆண்டில், உரோமாபுரியிலேயாகும். அதற்கு முன்னர் நால்வரும் ஒரே வகையாக நீந்தும் போட்டியே வழக்கிலிருந்தது. 1912ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஸ்டொக்ஹோம் நகரிலே அப்போட்டியில் பொற்பதக்கம் பெற்ற நால்வருள் ஒருவர் சிசில் ஹீலி. ஆயினும், அவர் பெற்ற பொற்பதக்கத்திலும் பார்க்க, அவர் பெறாது விட்ட பொற்பதக்கமே அவர் பெயரை இன்றும் வாழ்விக்கின்றது. அவ்வரலாற்றை நம் கல்லூரிச் சகோதரர்க்கு எடுத்துரைத்தல் இம்மலருக்குப் பொருத்தமாகுமென எண்ணுகின்றோம்.

ஹீலி 1881ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 28ஆம் நாள் அவுஸ்திரேலியாவின் சிட்னி மாநகரிலுள்ள டார்லிங்கேர்ஸ்ற் என்னும் பகுதியிற் பிறந்தார். அந்நாளில் அந்நாட்டு வீரர்கள், கைகளை மாறி மாறி நீர்மேல் வீசி, முகத்தை நீருள் ஆழ்த்தி விரைந்து செல்லும் புதிய நீச்சல் முறையொன்றை வளர்த்து வந்தனர். அம்முறையிற் சிறந்து விளங்கியோருள் ஹீலியும் ஒருவர். 1906ஆம் ஆண்டில் ஏதென்சு நகரில் நடைபெற்ற போட்டியிலே 100 மீற்றர் நீச்சலில் அமெரிக்கரான டானியல்சுக்கும் ஹங்கேரியரான ஹல்மேக்கும் அடுத்து மூன்றாமிடம் பெற்றார். பின்னர் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றுக்குச் சென்று தம் நீச்சல் முறையை ஆங்குள்ளார்க்குக் காட்டினார். தாயகத்திலோ, மேன்லிக் கடற்கரையில் அலைவாய்ப்பட்டோரைக் காக்கும் தொண்டில் ஈடுபட்டார். விளையாட்டுத்துறை பற்றிப் பத்திரிகைகளுக்குக் கட்டுரைகளும் வரைந்தார்.

1912ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஸ்டொக்ஹோமில் ஒலிம்பிக் நீச்சற் போட்டிகள் நடைபெற்றன. செயற்கைத் தடாகம் எதுவுமின்றிக் கடற்கழியொன்றிலே 100 மீற்றர் நீளத்துக்கு வரம்பிட்டு நீந்துகளம் அமைத்திருந்தனர். 100 மீற்றர் நீச்சலிலே யாவர் கண்ணும் ஹவாய்த் தீவினரான டியூக் கஹானமோக்குவின் மீதே இருந்தது. அமெரிக்காவின் சார்பில் நீந்திய அவர், முதற் சுற்றுக்களிலேயே தமக்கு நிகர் தாமே எனக் காட்டிவிட்டார்.

இந்நிலையில் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. அரையிறுதிப் போட்டி நடைபெறும் வேளையைப் பிழைபட விளங்கிக்கொண்டமையால் கஹானமோக்குவும் அவர்தம் அமெரிக்கத் தோழர் இருவரும் களத்துக்கு வந்திலர். அவர்களின்றியே அரையிறுதி நடந்தேறியது. குறித்த வேளையில் வாராதார்க்கு இடமில்லை என்பதே விதி. வல்லவர் விலகிவிட்டமையால், ஹீலிக்கு முதலிடம் பெரிதும் எளிதாயிற்று. அவர் வாய் திறவாதிருந்தாலே போதும். எவரும் அவரைக் குறைகூறியிருக்க முடியாது. தவறு அவருடையதன்று; விதியும் அவர் பக்கமே நின்றது.

ஆயினும் அவர் வாளாவிருக்க ஒருப்பட்டாரல்லர். மிகச் சிறந்த வீரரை விலக்கிவிட்டுப் பெறும் வெற்றி வெற்றியாகாது என்பது அவர் துணிபு. அமெரிக்கருக்கு மற்றொரு வாய்ப்பு அளித்தல் வேண்டுமென அவர் வாதாடினார். நடுவர் குழுவினரும் இறுதியில் இணங்கி, அவர்களுக்கெனத் தனியே ஒரு போட்டி நடத்தினர். அதிற் கஹானமோக்கு 1 நிமிடம் 2.4 செக்கனில் நீந்தித் தேறினார். யூலை 10ஆம் நாள் நிகழ்ந்த இறுதிப் போட்டியில் அவரே 1 நிமிடம் 3.4 செக்கனில் முதலிடம் பெற்றார். ஹீலி 1 நிமிடம் 4.6 செக்கனில் இரண்டாமிடத்தை அடைந்தார். தாம் வாதாடிப் பெற்றுக்கொடுத்த வாய்ப்பே தமது பொற்பதக்கத்தைப் பறித்துச் செல்லுமென்பதை அவர் அறியாதவரல்லர்; அறிந்தே வாதாடினார்.

ஐந்து நாள் கழித்து, யூலை 15ஆம் நாள், 200 மீற்றர் வீதம் நால்வர் நீந்தும் அஞ்சற் போட்டி நடைபெற்றது. அவுஸ்திரேலியாவும் நியூசீலாந்தும் அந்நாளில் ஒரே அணியாகப் பங்குபற்றின. ஹீலி, ஹார்ட்விக், போர்ட்மன் என்னும் அவுஸ்திரேலியர் மூவரோடு நியூசீலாந்தரான மல்கம் சம்பியனும் சேர்ந்து நீந்தினார். அமெரிக்க அணியிற் கஹானமோக்கு இருந்தும், இந்நால்வரே 10 நிமிடம் 11.6 செக்கனில் முன்வந்து புதிய உலக சாதனையையும் நிலைநாட்டினர். அமெரிக்கர் எட்டுச் செக்கனுக்கு மேலாகப் பிந்தினர். தனிப்போட்டியில் விட்டுக்கொடுத்த பொற்பதக்கம் தோழரோடு கூடிய போட்டியில் ஹீலியை வந்தடைந்தது.

முதலாம் உலகப் போர் மூண்டபின் 1915ஆம் ஆண்டில் அவர் படையிற் சேர்ந்தார். முதலில் உணவு, தளபாடங்கள் வழங்கும் பிரிவிற் பணியாற்றினார். அப்பணியில் ஆபத்து ஒப்பளவிற் குறைவு. எனினும் அவர் காலாட்படைக்கு மாறிப் பயிற்சி பெற்று, 1918ஆம் ஆண்டில் 19ஆம் பட்டாளத்தில் இரண்டாம் லெப்டினன்ற் ஆனார். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் 29ஆம் நாள், பிரான்சு நாட்டிற் சோம் நதியருகே மோன் சென் குவென்ரின் என்னுமிடத்தை நோக்கி முன்னேறுகையிற் குண்டுபட்டு மாண்டார். அப்போது அவருக்கு வயது 36. போர் முடிய மூன்று மாதமுங்கூட இருக்கவில்லை. ஒலிம்பிக் பொற்பதக்கம் பெற்ற அவுஸ்திரேலியருட் போர்க்களத்தில் உயிர்நீத்தவர் இவர் ஒருவரே. கஹானமோக்குவோ 1920ஆம் ஆண்டில் அன்ற்வேர்ப் நகரிலும் வாகை சூடி, 1968ஆம் ஆண்டுவரை வாழ்ந்தார்.

விளையாட்டு வீரனுக்கு விதியை மதித்தல் கடன். விதி தனக்குச் சார்பாக நிற்கும்போதும் நீதி யாதென வினவுதல் அதனினும் அரிய பண்பு. நம் இல்ல விளையாட்டுப் போட்டிகளிலும், பிற கல்லூரிகளோடு ஆடும் ஆட்டங்களிலும், பின்னர் நாம் வகிக்கும் உத்தியோகங்களிலும், எதிரியின் தவறொன்றால் வெற்றி நம் வாயிலிற் தானே வந்து நிற்கும் வேளைகள் பல உண்டு. அவ்வேளையில் நம்மை ஆராய்வார் எவருமிரார். ஹீலி அத்தகைய வேளையொன்றிலே தாமே தமக்கு நடுவராக நின்றார். மாணவர் அவர் பெயரை நினைவிற் கொள்வாராக.