கைவிளக்கு ஏந்திய காரிகை

தாம்பரம் சானடோரியம் என்று ஒரு ரெயில் நிலையமே இருக்கிறது. 1928-ம் ஆண்டில் டாக்டர் சவுரி முத்து காசநோயாளிகளுக்காக அங்கே ஆஸ்பத்திரி தொடங்கினார். இப்பொழுது அது அரசு ஆஸ்பத்திரி.

காசநோயாளிகளின் இருமலுக்கு நடுவே இரவும் பகலும் வேலை செய்வது எளிதல்ல. இந்த வேலையில் ஒரு நர்சு நிலைத்து நிற்பது எதனால்? இன்னொருவர் விட்டுப்போவது எதனால்?

இதற்கு 160 ஆண்டுகளுக்கு முன்பே விடை கண்டவர், இங்கிலாந்து நாட்டுப் பெண்மணி புளோரன்ஸ் நைட்டிங்கேல்.

பணக்கார வீட்டுப் பெண்

1820-ம் ஆண்டு மே 12-ந் தேதி, இத்தாலியில் உள்ள புளோரன்ஸ் நகரில் அவர் பிறந்தார். ஊரின் பெயரையே பெற்றோர் சூட்டினார்கள்.

வளர்ந்ததும், நர்சு ஆகப்போவதாகச் சொன்னார். வீடே அதிர்ந்தது!

அந்தக் காலத்தில் நர்சு வேலைக்கு மதிப்பு இல்லை. பயிற்சி இல்லாத ஏழைப் பெண்களே அதற்கு வந்தார்கள். சம்பளம் சொற்பம். குடிகாரிகள் என்ற கெட்ட பெயர் வேறு.

தாயும் அக்காளும் தடுத்தார்கள். புளோரன்ஸ் மனம் மாறவில்லை. 1851-ல் ஜெர்மனிக்குப் போய்ப் பயிற்சி பெற்றார்.

வெந்நீர்க் குழாய்

1853-ல் லண்டனில் ஒரு சிறு ஆஸ்பத்திரிக்குத் தலைவி ஆனார். மாடிப்படி ஏறி இறங்குவதிலேயே நர்சின் நேரம் கழியக்கூடாது என்று நினைத்தார். மாடிதோறும் குழாயில் வெந்நீர் வரவேண்டும், சாப்பாடு மேலே வர ஓர் இயந்திரம் வேண்டும் என்று கேட்டார்.

1854-ல் கிரிமியப் போரின்போது 38 பெண்களுடன் துருக்கிக்குச் சென்றார். இரவில் கைவிளக்குடன் படுக்கை படுக்கையாகப் போய், காயம்பட்ட சிப்பாய்களைக் கவனித்தார். உலகமே புகழ்ந்தது.

ஆனால் உடன் சென்ற எல்லோரும் நிலைக்கவில்லை. சிலரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. இரக்கம் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்பது தெளிவாயிற்று.

பயிற்சிப் பள்ளி

மக்கள் நன்றியோடு அளித்த நிதி 40 ஆயிரம் பவுனைத் தாண்டியது. அதைக்கொண்டு 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நர்சுப் பள்ளி தொடங்கினார்.

ஓர் ஆண்டுப் பயிற்சி. சாப்பாடு, உடை, சலவை எல்லாம் இலவசம். தூங்கத் தனி அறை. பயிலும்போதே ஆண்டுக்கு 10 பவுன் சம்பளம்! மதிப்போடு வாழ வழி பிறந்ததும், நல்ல குடும்பத்துப் பெண்களும் வந்தார்கள். அங்கே பயின்றவர்கள் 1868-ல் ஆஸ்திரேலியா வரை சென்று பணி செய்தார்கள்.

1910 ஆகஸ்டு 13-ந் தேதி, தமது 90-வது வயதில் புளோரன்ஸ் காலமானார்.

நம் ஊரில்

2015-ல் தமிழக அரசு ஆஸ்பத்திரிகளில் தேர்வு எழுதிச் சேர்ந்த நர்சுகளுக்கு மாதம் 7,700 ரூபாய்தான் தொகுப்பூதியம். பணி நிரந்தரம் கேட்டு, 2017 நவம்பரில் சென்னையில் அவர்கள் போராடினார்கள். நல்ல சம்பளம் தேடி வளைகுடா நாடுகளுக்கும் இங்கிலாந்துக்கும் விமானம் ஏறியவர்களும் பலர்.

சேவை மனம் குறைந்ததால் அவர்கள் போகவில்லை. வீட்டு வாடகையும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் அவர்களுக்கும் உண்டு அல்லவா?

புளோரன்ஸ் ஏந்திய விளக்கை எல்லோரும் போற்றுகிறோம். நர்சுகளுக்காக அவர் கேட்ட வெந்நீர்க் குழாயையும், கொடுத்த தனி அறையையும் சம்பளத்தையும் மறந்துவிடக் கூடாது.