திறனுக்கு நிறை கண்ட பேராசிரியர் சேர் கொட்பிறி தொம்சன்

கணிதம், மொழி, பொது அறிவு ஆகிய மூன்று பரீட்சைகளில் நீங்கள் பெற்ற புள்ளிகளைக் கூட்டி மூன்றால் வகுத்தால் சராசரி கிடைக்கும். ஆனால், அம்மூன்றும் உங்கள் திறனைச் சம அளவிற் காட்டுகின்றனவா? இவ்வினாவோடு நெடுங்காலம் போராடியவர் சேர் கொட்பிறி தொம்சன்.

இவர் 1881ஆம் ஆண்டு வட இங்கிலாந்தின் கார்லைல் நகரிற் பிறந்தார். நியூகாசிலுக்கு அண்மையிலுள்ள பெலிங்கில் தாயாரின் அரவணைப்பில் வளர்ந்தார். புலமைப்பரிசில் பெற்றே உயர்தரக் கல்வி கற்றார். பின்னர் ஸ்ரோஸ்பேர்க் சென்று, பௌதிகவியல் அறிஞர் பிரௌனிடம் ஆய்வு செய்து 1906இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அந்தப் பிரௌனே 1909இல் மார்க்கோனியுடன் நோபல் பரிசைப் பகிர்ந்தவர். தொம்சனோ நாடு திரும்பி, ஆசிரியர்களைப் பயிற்றும் பணியை ஏற்றார்.

பரீட்சைகள் யாவற்றுக்கும் அடியில் பொதுவான ஓர் ஆற்றல் உண்டு என 1904இல் ஸ்பியர்மன் கூறியிருந்தார். தொம்சன் தாயக்கட்டைகளை உருட்டி எண்களை உண்டாக்கினார். பொது ஆற்றல் எதுவுமின்றியே ஸ்பியர்மன் கண்ட ஒழுங்கு அவ்வெண்களிலும் தோன்றுவதை 1916இற் காட்டினார்.

1920ஆம் ஆண்டளவில் நோதம்பலன்ட் மாவட்டத்தின் ஒதுக்குப்புறப் பாடசாலைகள் சில, உயர்பாடசாலை இலவச இடங்களுக்கு ஒரு பிள்ளையைத்தானும் அனுப்பவில்லை. அங்கே திறமை இல்லையா? அல்லது தேடுவார் இல்லையா? அதனை அறியவே தொம்சன் தமது முதலாவது சோதனைத்தாளை ஆக்கினார். 1925இல் எடின்பரோவிற் பேராசிரியரானார். 1932இல், 1921ஆம் ஆண்டு பிறந்த ஸ்கொற்லாந்துப் பிள்ளைகளில் 87,498 பேர் அவரது சோதனையை எழுதினர்.

இனி நிறையிடுதலுக்கு வருவோம். உள்ளே மறைந்துள்ள திறனைக் ‘காரணி’ என்பர். அதனை நேரிற் காண இயலாது; பரீட்சைப் புள்ளிகளைக் கொண்டு மதிப்பிடவே முடியும். ஒரு பரீட்சைக்கும் காரணிக்கும் உள்ள தொடர்பு 0.8 என்க. மற்றொன்றுக்கு 0.5 என்க. தொடர்பை, ஒன்றிலிருந்து அதன் வர்க்கத்தைக் கழித்து வருவதால் வகுத்தால் முறையே 2.22, 0.67 கிடைக்கும். முதலாவதற்கு மூன்று மடங்குக்கு மேற்பட்ட நிறை! வெறுமனே கூட்டுவது இதனை மறைத்துவிடும்.

இதுவரை கருத்து வேறுபாடில்லை. தொம்சனும் அமெரிக்கரான தேர்ஸ்ரனும் எடுத்துரைத்த முறை, மொத்தப் பிழை மிகக் குறையும்படி மதிப்பிடுவது. ஆனால் அது ஒவ்வொருவரையும் சராசரியை நோக்கி இழுக்கும். 1937இல் பாட்லெற் வகுத்த முறை அவ்வாறு இழுக்காது; ஆயின் அதிற் பிழை சற்றுக் கூடுதலாகச் சிதறும். மேற்கண்ட இரு பரீட்சைகளில், பாட்லெற் கணக்குப்படி சராசரிக்கு மேல் 10 புள்ளி பெறும் பிள்ளைக்குத் தொம்சன் முறை ஏறத்தாழ 7 புள்ளியே அளிக்கும். காரணி ஒன்றேயாயின், ஒரே கூட்டத்தினுள் வரிசை மாறாது. ஆனால் எந்தக் கூட்டத்தின் சராசரியை நோக்கி இழுக்கிறோம்? கிராமத்துப் பிள்ளையைக் கிராமத்துச் சராசரிக்கும், நகரத்துப் பிள்ளையை நகரத்துச் சராசரிக்கும் இழுத்தால், ஒரே விடையை எழுதிய இருவர் வெவ்வேறு புள்ளி பெறுவர். புள்ளிகளைத் திருத்தும் முறை பிள்ளைகளின் வாழ்வை எவ்வாறு திருப்பும் என்பதை, 1970களின் தரப்படுத்தலைக் கண்ட பெற்றோர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெருந்தொகையினரை ஆராய்வதற்குத் தொம்சன் முறை நன்று. தனியொரு பிள்ளையின் திறனை உரைக்கப் பாட்லெற் முறையே எனக்கு நேர்மையாகப் படுகிறது. தொம்சனும் 1939இல் வெளியிட்ட தமது நூலில் பாட்லெற் முறைக்கு உரிய இடம் அளித்தே எழுதினார்.

சோதனைத்தாள்களின் விற்பனையால் வந்த உரிமைப்பணத்தை அவர் தமக்கென எடுக்காது ஆராய்ச்சிக்கே விட்டார். 1949இற் ‘சேர்’ பட்டம் பெற்று, 1955இல் எடின்பரோவிற் காலமானார். 1932இன் பதிவேடுகள் பல்லாண்டுகள் கிடப்பிற் கிடந்தன. 1990களின் பிற்பகுதியில் ஆய்வாளர்கள் அவற்றை மீண்டும் கையிலெடுத்து, அன்று பதினொரு வயதினராயிருந்தோரைத் தேடிச் சென்று, ஏறத்தாழ எண்பது வயதில் அதே சோதனையை மீண்டும் எழுத வைத்தனர்.